உப்புப் படாத நாக்கு

எங்கள் வயதுக்காரரான உங்களிடம் சின்ன வயதில் எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டால், பேய் என்பீர்கள், அம்மை நோய் என்பீர்கள், காற்றில் அகப்பட்டுத் திரும்பி வராத வள்ளம் என்பீர்கள். சிலர் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரின் பிரம்பு என்பீர்கள். எனக்கும் அந்தப் பயங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் எனக்குத் தரையில் கால் வைக்கவே பயமாய் இருந்தது. இதை இவ்வளவு காலமும் வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம். இப்போது சிரிக்கிறதற்கும் ஆட்கள் குறைந்துபோனபடியால் எழுதுகிறேன்.

யப்பான்காரன் குண்டு போட்ட சண்டைக்கு நாலைந்து வருடம் முந்திய கதை இது. நெடுந்தீவில் எங்கள் வீட்டு வளவும் ஐயாவின் தமையனான பெரியப்பாவின் வளவும் பக்கத்துப் பக்கமாய், வேலி இல்லாமல் கிடந்தன. கிணறு பெரியப்பாவின் பக்கம். இரண்டு வீடும் அதில்தான் அள்ளிக் குடித்தது. அந்த வருடம் எல்லையில் நின்ற இரண்டு பனை யாருடையது என்று ஐயாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. யார் முதலில் தடித்த வார்த்தை சொன்னது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால், பெரியப்பா தன் கையாலேயே கல் அடுக்கி நடுவில் வேலி எழுப்பிக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் வேலி என்றால் கல்வேலிதான், உங்களுக்குத் தெரியும். இடுப்பு உயரம் வந்ததும் நிமிர்ந்து ஐயாவின் முகத்தைப் பார்த்தார். ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பெரியப்பா அதை நெஞ்சு உயரம் ஆக்கினார்.

அன்றிலிருந்து அம்மா கோயிலடிக் கிணற்றுக்குப் போனார். போக அரைமணி, வர அரைமணி. சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். குடத்தின் வாயை வாழையிலையால் மூடிக்கொண்டு வருவார். வீட்டில் அக்கா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

“பிள்ளை பிறக்கிறதுக்கு முதல் எங்கடை வளவுக்கை கிணறு இருக்கும்,” என்று ஐயா சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாய்ச் சொன்னார்.

கல்லுடைக்கிறவர் ஒருவர் சரவணை என்ற ஊரிலிருந்து வந்தார். அலவாங்கு என்கிற கடப்பாரை, சம்மட்டி, எண்ணெய்ச் சீலையில் சுற்றிய வெடிமருந்துத் தகரம், ஒரு வெற்றிலைப் பை. இவ்வளவும்தான் அவருடைய சாமான். வளவு முழுக்கக் குதிக்காலால் உதைத்து உதைத்து நடந்தார். கடைசியில் புதுக் கல்வேலிக்கு நாலு அடி இங்காலே நின்று, “இதிலை வெட்டுவம்,” என்றார். பெரியப்பாவின் கிணற்றுக்கு ஊறி வருகிற தண்ணீர் அந்த இடத்தால்தான் போகிறதாம். ஐயாவுக்கு அதில் நல்ல புளுகம், சிரித்த முகமாய் நின்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

“வீட்டிலை பெரியபிள்ளையாகாத பெட்டை இருக்கோ அண்ணை?”

“என்னத்துக்கு?”

“நாக்குக்கு.”

ஐயா முழித்தார். கல்லுடைக்கிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு விளக்கம் சொன்னார். “என்ரை நாக்கு வெத்திலையிலை செத்துப்போச்சு. உங்கடை நாக்குச் சுருட்டிலை வெந்துபோச்சு. மண்ணையும் தண்ணியையும் சோதிக்கிறதெண்டால் உப்புப் படாத நாக்கு வேணும்.”

கதவு நிலையில் சாய்ந்து நின்ற அக்கா சிரித்தாள். “இவளையோ கேக்கப்போறியள்? இவளின்ரை வாயிலையிருந்து ஒரு சொல்லு எடுக்கிறதிலும் பாக்கக் கிணறு வெட்டிறது சுகம்.”

“கன சொல்லு வேண்டாம் பிள்ளை. உப்பு, உப்பில்லை. இது ரெண்டும்தான்.”

எங்கள் தீவுக் கிணறுகளின் சங்கதி உங்களுக்குப் புதிதல்ல. வெளியூர்ப் பிள்ளைகள் யாரும் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் ஆழ வெட்ட வெட்ட நல்ல தண்ணீர். எங்களுக்கு அப்படி இல்லை. நிலத்துக்குக் கீழேயும் கடல்தான். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அந்தக் கடல் தண்ணீருக்கு மேலே, குடத்துத் தண்ணீரில் எண்ணெய் நிற்கிற மாதிரி, மெல்லிய படையாய் நிற்கிறது. அந்தப் படைக்குள் நிறுத்த வேண்டும். ஒரு முழம் கூட வெட்டினால் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு மாட்டுக்கும் உதவாது. எங்கே நிறுத்துகிறது என்று சொல்கிற வேலையைத்தான் என் நாக்கிடம் கொடுத்தார்கள்.

விளக்கு வைத்த பிறகு எனக்கு உப்புச் சேர்த்த சாப்பாடு கிடையாது. உப்பில்லாத கஞ்சி மட்டும். விடிய வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்றும் தின்னாமல் குழியடிக்குப் போவேன். கல்லுடைக்கிறவர் முதல்நாள் வெட்டிய இடத்திலிருந்து ஒரு கிள்ளு மண் எடுத்து என் நாக்கில் வைப்பார். தண்ணீர் வருவதற்கு முன் மண்ணே பேசும் என்பது அவருடைய எண்ணம்.

அப்படித்தான் நான் நிலத்தைத் தின்று பார்த்தேன். மேல் மண் சாம்பல் நிறம், பனை வேர் ஓடியது. பழைய எருவும் காய்ந்த இலையும் கலந்த மணம். அதற்குக் கீழே ஒரு ஆள் இடுப்பளவுக்குச் சொரிமணல். சின்னச் சின்னச் சிப்பி ஓடுகள் கலந்த வெள்ளை மணல். பல்லில் நறநறவென்று கடிபடும், ருசி ஒன்றும் இல்லை. அது நிற்காது. இங்கே வெட்டினால் அங்கேயிருந்து சரிந்து வரும். கல்லுடைக்கிறவர் பனங்குற்றி அடித்து அதை மறிக்க வேண்டும் என்றார். ஐயாவுக்கு அவசரம். பின்னின ஓலைக் கிடுகைச் சாத்தி, நாலு தடி ஊன்றிவிட்டு மேற்கொண்டு வெட்டச் சொன்னார். சொரிமணலுக்குக் கீழே மக்கி. மஞ்சளும் வெள்ளையுமாய், ஈரத்தில் களி போல ஒட்டும். நாக்கில் வைத்தால் திருநீறு மாதிரி இருக்கும். அக்கா அதை ஒளித்து ஒளித்துத் தின்றாள். வாயும் வயிறுமாய் இருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வருமாம். அம்மா ஒருநாள் அவளின் வாயோரத்தில் வெள்ளையைக் கண்டு, “பெறப்போறது பிள்ளையோ கிணறோ?” என்று ஏசினார்.

மக்கிக்குக் கீழே கல். அலவாங்கு பட்டால் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். உடைத்த கல்லுக்குள் பூப் பூவாய், தேன்கூடு போல அச்சு இருக்கும். ஒரு காலத்தில் அது கடலுக்குள் வளர்ந்த கல் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் பூமி சாத்திரம் தொடங்கியது.

ஆவணி மாதம், பனம்பழம் விழுகிற காலம். சட்டம்பியார் ஒரு பழத்தை மேசையில் வைத்துக் கத்தியால் வெட்டினார். சாறு வழிந்து அவருடைய வேட்டியில் பட்டது. யாரும் சிரிக்கவில்லை, பிரம்பு பக்கத்தில் இருந்தது.

“இந்தக் கறுத்த தோலைப் பாருங்கோ. இதிலைதான் நாங்கள் வீடு கட்டி, மாடு வளத்து, சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கிறம். இதுக்குக் கீழை இந்தச் செம்மஞ்சள் களி. அது முழுக்கக் கொதிக்கிற கல்லுக் குழம்பு. நடுவிலை இந்தக் கொட்டை. அது இரும்பு, காய்ச்சின இரும்பு.” கத்தி நுனியால் தோலை மெல்ல உரித்துத் தூக்கிக் காட்டினார். “எவ்வளவு மெல்லிசு பாத்தியளோ? சில தேசங்களிலை தோல் வெடிச்சு நெருப்பு வெளியாலை வரும். கந்தகம் மணக்கும். ஊர் அழிஞ்சுபோம்.”

முன்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான். “அந்த நெருப்பு எங்கடை ஊருக்குக் கீழையும் இருக்கோ சட்டம்பியார்?”

“எல்லா ஊருக்குக் கீழையும்தான்.”

“தோண்டினால் வருமோ?”

சட்டம்பியாருக்கு வேட்டிக் கறையில் கவனம். “தோண்டிப் பாரன்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பாவின் மகள் என் வகுப்புத்தான். வேலி எழும்பியதிலிருந்து என்னோடு பேசாதவள், அன்றைக்கு என் காதுக்குள் வந்து சொன்னாள். “உங்கடை ஐயா தோண்டுறார் எல்லே? நெருப்பு வந்தால் வேலியாலை இங்காலை வராதேங்கோ.”

எவ்வளவு ஆழத்தில் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. எழும்பி நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். கையைத் தூக்க நினைத்துப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

போன வருடம் பேத்தியின் பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெங்காயத்தை வெட்டின மாதிரி வட்டம் வட்டமாய்க் கீறி இருக்கிறது. மேல் ஓடு கடலுக்குக் கீழே மெலிவாம், தரைக்குக் கீழே தடிப்பாம், இருபது மைலுக்கும் மேலாம். அதற்குக் கீழே சூடான கல், தண்ணீர் போல ஓடாது, இறுகின பனங்கட்டிப் பாணி போல மெல்ல மெல்ல நகருமாம். அதற்கும் கீழே உருகின இரும்பு. நட்டநடுவில் பிறகும் கட்டி இரும்பு. அவ்வளவு சூட்டிலும் அது உருகாததற்குக் காரணம் சுற்றவர அமத்துகிற பாரமாம். பேத்தி வாசிக்க வாசிக்க எனக்குக் கண் கலங்கியது. எங்கள் தீவை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் இன்னும் மூன்று தீவை நிமிர்த்தி அடுக்கினாலும் அந்தக் குழம்பைத் தொடாது. எங்கள் குழி இரண்டு ஆள் உயரம்.

ஆனால் எனக்கு ஒன்பது வயதில் அது தெரியாது. பனம்பழத் தோல்தான் தெரியும். அது நகத்தின் தடிப்பு.

வீட்டுக்கு வந்து நான் நிலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குசினித் தரை சூடாய் இருந்தது. அடுப்படியில் தொட்டால் சூடாய்த்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முற்றத்தில் குதிக்காலை ஊன்றாமல் நடந்தேன். காதை மண்ணில் வைத்தால் ஒரு இரைச்சல் கேட்டது. சோளகத்தில் கடல் இரைகிற சத்தம் அது. எனக்கு அது குழம்பு கொதிக்கிற சத்தம். ஐயா காலையில் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்குவார். தலை மறையும். நான் பள்ளிக்கூடம் போகிற வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், புகை எழும்புகிறதா என்று.

ஒருநாள் உண்மையாகவே எழும்பியது. கல் இறுகிப் போனதால் முதல் வெடி வைத்தார்கள். எங்களைப் பனைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். காலுக்குக் கீழே தரை ஒருமுறை துள்ளியது. பிறகுதான் சத்தம் வந்தது. சாம்பல் நிறப் புகை குழியிலிருந்து கட்டியாய் எழும்பியது, அதன் மணம் வேலி வரை வந்தது.

“என்ன மணம் இது?” என்று நான் கேட்டேன். நானாகக் கேட்ட கேள்வி என்பதால் கல்லுடைக்கிறவர் சந்தோசப்பட்டுச் சொன்னார். “கந்தகம் பிள்ளை. மருந்துக்கை கிடக்கிறது.”

அவர் பின்னால் சொன்ன சொல் எனக்குள் ஏறவில்லை. கந்தகம் மட்டும்தான் ஏறியது. ஐயா இருமி இருமி அந்தப் புகைக்குள் இறங்கினார்.

என் கண் குழியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கண் வேறு இடத்தைப் பார்த்தது. வெட்டின மண்ணும் கல்லும் எல்லாம் குழியின் கிழக்கு விளிம்பிலேயே, கல்வேலிக்கும் குழிக்கும் நடுவில் குவிந்து கிடந்தன. வீட்டுக் கூரை போலக் குவியல். ஒரு நாள் மத்தியானம் ஐயாவுக்குக் கஞ்சி கொண்டு வந்த அம்மா, விளிம்பில் குந்தி விரலால் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, இதிலை ஒரு வெடிப்பு ஓடிக் கிடக்கு. முந்தநாள் நூல் மாதிரிக் கிடந்தது. இப்ப விரல் போகுது. உந்தக் குவியலை அங்காலை தள்ளிப் போடுங்கோவன்.”

“அங்காலை எண்டால் எங்கை? அண்ணற்றை வளவுக்கையோ?”

“அப்ப மற்றக் கரைக்கு ஏத்துங்கோ.”

“நீ போய் அடுப்பைப் பார். கிணறு வெட்டிறது எங்கடை வேலை.”

கல்லுடைக்கிறவர் அந்தப் பக்கம் ஒருக்காப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலை. அம்மா வெறும் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் வெடியோடு தண்ணீர் வந்தது. கல் வெடிப்பிலிருந்து கண்ணீர் மாதிரிக் கசிந்து, அடுத்த நாள் ஒரு சாண் நின்றது. நான் சிரட்டையில் குடித்தேன். உப்பில்லை என்றேன். மெய்யாகவே இல்லை. மழைத்தண்ணீர் மாதிரி, கல் மணத்தோடு. ஐயா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் அப்படிச் செய்த ஞாபகம் எனக்கு அந்த ஒரு நாள்தான்.

“ஒரு சாண் காணாது அண்ணை,” என்றார் கல்லுடைக்கிறவர். “பங்குனியிலை வத்திப்போம். அடியிலை இன்னும் ஒரு வெடி. பெரிசா. அதோடை ஒரு ஆள் மட்டம் நிக்கும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. நல்ல நாள். நாளைக்கே வைப்பம். திரியை நானே பத்தவைக்கிறன்.”

அன்று பின்னேரம் முழுக்க அடிக்கல்லில் அலவாங்கால் மருந்துக்குத் துளை போட்டார்கள். டக், டக் என்ற அந்தச் சத்தம் எனக்குப் பனம்பழத் தோலைக் கத்தியால் குத்துகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியக் குழியடிக்குப் போனேன். வெயில் வரவில்லை. குழிக்குள்ளிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கல்லுடைக்கிறவர் இறங்கிச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாய் இருந்தது. காற்றுக் குளிர்ந்தால் கிணற்றுத் தண்ணீர் சூடாய்த் தோன்றும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. ஐயா பக்கத்தில் திரியை வைத்துக்கொண்டு நின்றார். இதற்குக் கீழே ஒரு நகத் தடிப்புத்தான் இருக்கிறது, இன்றைக்கு ஐயா அதை உடைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

குடித்தேன். நேற்றுப் போலவே இனித்தது.

“உப்பு,” என்றேன்.

ஐயா சிரட்டையைப் பறித்துத் தானும் குடித்தார். “எனக்கொண்டும் விளங்கேல்லை.”

“உங்கடை நாக்குக்கு எப்பிடி விளங்கும்?” கல்லுடைக்கிறவர் முகம் கறுத்துப்போனது. “வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை. மெய்யே உப்பு?”

நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள் என்று நினைக்கிறார்கள். எப்போதும் பேசாத பிள்ளை சொன்ன பொய்யை ஒருவரும் சந்தேகப்படுகிறதில்லை.

“இன்னொரு நாக்கு வேணும்,” என்றார் அவர். அம்மா வெள்ளிக்கிழமை விரதம். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கூப்பிட்டார்கள். அம்மா ஈரத் தலையோடு வந்து சிரட்டையை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். விழுங்கவில்லை, வாய்க்குள் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார். அப்போதும் என்னைத்தான் பார்த்தார்.

பிறகு சொன்னார். “ஓம். உப்புத்தான்.”

எனக்கு அந்தக் கணத்தில் வந்தது நிம்மதி இல்லை. அதைவிடப் பெரிய பயம். அம்மா பொய் சொல்லமாட்டார் என்று நம்பியிருந்தேன். அப்படியென்றால் தண்ணீர் மெய்யாகவே உப்பா? என் நாக்குத்தான் கெட்டுப்போனதா?

வெடி நின்றது. ஆனால் நான் நினைத்த மாதிரி ஐயா மேலே நிற்கவில்லை. உப்பு ஏறத் தொடங்கினால் அடியை உடனே அடைக்க வேண்டுமாம். கல்லுடைக்கிறவர் மக்கியைக் குழைத்துப் பனையோலைக் கடகத்தில் இறக்க, ஐயா கீழே நின்று அதை அந்தத் துளையிலும் கல் வெடிப்பிலும் மிதித்து இறுக்க வேண்டும். ஐயா திரியை வீசிவிட்டு ஏணியில் இறங்கினார்.

கல்லுடைக்கிறவர் கயிற்றோடு ஏறி நின்றது கிழக்கு விளிம்புக் குவியலின் மேலே. அங்கிருந்து இறக்குகிறது சுகம்.

ஏழெட்டுக் கடகம் இறங்கியிருக்கும். அம்மா குசினிக்குப் போகவில்லை. நனைந்த தலைமயிரைக் கூட முடியாமல் மேற்குப் பக்கத்தில் நின்று எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“மண் வருது! இஞ்சாலை பாயுங்கோ! இஞ்சாலை!”

நெல்மூட்டை அவிழ்ந்து கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கிடுகு மடங்கியது. சொரிமணல் முதலில் போனது, அதன் பின்னால் மேலே குவிந்த கல் எல்லாம் போனது. கல்லுடைக்கிறவர் கயிற்றை விட்டுக் கல்வேலியில் தொங்கினார். குழியிலிருந்து தூசி கட்டியாய் எழும்பியது.

எனக்கு அது தூசியாய்த் தெரியவில்லை. வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் ஆயுளில் நான் அவ்வளவு சத்தமாய்க் கத்தினது இல்லை.

“நெருப்பு! நெருப்பு!”

கல்வேலியின் மேல் வரிசை சரிந்தது. பெரியப்பா அதைத் தள்ளி விழுத்திக்கொண்டு ஏறி வந்தார். கையில் தண்ணீர் நிறைந்த வாளி. எங்கள் வீடு எரிகிறது என்று நினைத்து வந்திருக்கிறார். முற்றத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு குழியைப் பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

அம்மாவின் சத்தத்துக்கு ஐயா மேற்குப் பக்கம் பாய்ந்ததால் தலை தப்பியது. இடுப்பு வரை மணல், இடது கால் கல்லுக்குக் கீழே. பெரியப்பா கையாலேயே கிளறினார். அள்ள அள்ள மணல் நிரம்பியது. “டேய் தம்பி, மூச்சை விடு, மூச்சை விடு,” என்று சொல்லிக்கொண்டே கிளறினார். இரண்டு மாதத்தில் அவர் ஐயாவோடு பேசின முதல் சொல் அதுதான். அதற்குள் ஊர் கூடிவிட்டது. நான் பனைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தரை எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அது கடைசி வரை வெடிக்கவில்லை.

முறிவுக்குப் பத்துப் போடுகிற பரியாரியார் வந்து கட்டினார், நாலு மாதம் ஐயா பாயில் கிடந்தார். உயிர் மிஞ்சியது, கால் மிஞ்சவில்லை. முழங்காலுக்குக் கீழே கோணிப் பொருந்திவிட்டது. பிறகு அவர் உழவும் இல்லை, பனை ஏறினதும் இல்லை. பெரியப்பா வேலியில் விழுந்த கல்லைத் திருப்பி அடுக்கவில்லை. அந்த இடைவெளியால் போய்த்தான் நாங்கள் தண்ணீர் அள்ளினோம். அக்காவின் பிள்ளை அந்தத் தண்ணீரில்தான் குளித்தது. எங்களுக்கு வேறு கிணறே தேவைப்படவில்லை. வீட்டில் வேலைக்குக் கை போதாமல் போனதால் என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பூமி சாத்திரத்தில் மற்றப் பாடங்கள் என்ன என்று நான் அறியவே இல்லை.

குழியைப் பிறகு பெரியப்பா துப்புரவாக்கிக் கல்லுக் கட்டினார். அடைத்த அடியைக் கிளறவில்லை. எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. ஐயா அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். “உப்புக் கிளம்பப்போகுதெண்டு என்ரை பெட்டைதான் பிடிச்சவள். அவளின்ரை நாக்கு இல்லாட்டில் ஒரு சாண் நல்ல தண்ணியும் இல்லை.” அயலில் கிணறு வெட்டினால் என்னைத் தேடி ஆள் வரும். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். வெட்கம் என்று நினைத்தார்கள்.

வளர்ந்த பிறகுதான் ஒரு கணக்கு எனக்கு விளங்கியது. அன்று வெடி வைத்திருந்தால் எல்லோரும் பனைக்குப் பின்னால் நின்றிருப்போம். சுவர் விழுந்தாலும் வெறுங்குழிக்குள் விழுந்திருக்கும். நான் உப்பு என்று சொன்னபடியால்தான் ஐயா அந்த நேரம் அடியில் நின்றார். இருபது மைலுக்குக் கீழே கிடந்த ஒன்றுக்குப் பயந்து, இடுப்பளவு மணலுக்குக் கீழே அவரை இறக்கிவிட்டேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? ஐயா என் நாக்கைப் புகழ்ந்துகொண்டே இருபத்தாறு வருடம் நொண்டி நடந்து செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மாவும் நானும் குசினியில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தோம். பின்னேரம் நாலு மணி இருக்கும். அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“அது நல்ல தண்ணி, பிள்ளை.”

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. “ஓம் அம்மா,” என்றேன்.

“நீ ஏன் உப்பெண்டு சொன்னனி?”

சொன்னேன். அடியில் நெருப்பு இருக்கிறது என்று படித்ததையும், வெடி வைத்தால் அது வெளியே வரும் என்று நினைத்ததையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு கூசியது. நாலு பிள்ளை பெற்றவள் சொல்கிற கதையா அது?

அம்மா சிரிக்கவில்லை. “அதுதான் நெருப்பெண்டு கத்தினனியோ?” என்று கேட்டுவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

“நீங்கள் ஏனம்மா ஓமெண்டு சொன்னனீங்கள்?”

“இன்னொரு வெடிக்கு அந்த மண் சுவர் நிக்காது. எனக்கு அது தெரிஞ்சு கிடந்தது. என்ரை சொல்லு எடுபடேல்லை, உன்ரை நாக்கு எடுபட்டுது. வெடி நிண்டால் காணும் எண்டு நினைச்சன். அடைக்க இறங்குவினமெண்டு எனக்குத் தெரியாது.”

அம்மா அடுத்த சட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

“எவ்வளவு ஆழத்திலை நெருப்பெண்டு சட்டம்பியாரை ஒருக்காக் கேட்டிருக்கலாமே பிள்ளை?”

“பயமாயிருந்தது அம்மா.” எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு காலத்துக்குப் பிறகு யாரில் கோபம் என்று தெரியாமல் அவரில் பாய்ந்தேன். “நீங்களெண்டாலும் ஐயாவுக்கு இன்னொருக்கா வடிவாச் சொல்லியிருக்கலாமே, சுவர் வெடிச்சுக்கொண்டு வருகுதெண்டு?”

அம்மா கழுவின கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். ஒவ்வொரு விரலாய்த் துடைத்தார்.

“சொன்னனான்,” என்றார். “மூண்டுதரம் சொன்னனான்.”